ஆதிநாராயணன் செய்த முகம், குணசுந்தரி வைத்த கண்

எளாவூரில் ஆதிநாராயணன் வீடு எது என்று கேட்டால் எந்த ஆதிநாராயணன் என்று திருப்பிக் கேட்பார்கள். டிரம் நாராயணன் என்று சொன்னால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கல்யாணமோ கூழ் ஊற்றலோ, வாசலில் விளக்கு ஓட வேண்டும் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த டிரம்மை அவன் செய்தது ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில், அறுபதுகளின் நடுவில். மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போனவன், அங்கே நுழைவாயில் வளைவில் பல்புகள் ஒன்றை ஒன்று துரத்துவதைப் பார்த்தான். மற்றவர்கள் முன்னால் நின்று அண்ணாந்துகொண்டிருக்க, இவன் பின்பக்கம் போய்த் தட்டியை விலக்கி எட்டிப்பார்த்தான். காவல்காரன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. ஊர் திரும்பி, ஒரு மர உருளையைக் கடைந்து, அதன்மேல் பித்தளைப் பட்டைகளைச் சாய்வாக அறைந்து, தையல் மெஷின் மோட்டார் ஒன்றை மாட்டிச் சுழலவிட்டான். உருளையை உரசியபடி வரிசையாகப் பித்தளை நாக்குகள். பட்டை வந்து நாக்கைத் தொட்டால் அந்த வரிசை பல்புகள் எரியும், நகர்ந்தால் அணையும். அவ்வளவுதான் சூட்சுமம். அதை வைத்துக்கொண்டு அவன் மயிலைத் தோகை விரிக்க வைத்தான், ரயிலை ஓட வைத்தான், தாமரையை இதழ் இதழாகப் பூக்க வைத்தான். அவனுடைய அண்ணன் குடும்ப நிலத்தை உழுதுகொண்டிருந்தார். தம்பி களத்துமேட்டுப் பக்கம்கூடப் போகாமல் விளக்கே கதி என்று ஆகிவிட்டான்.

விளக்கு போட்ட இடத்தில் அவன் விளக்கைப் பார்க்க மாட்டான். கூட்டத்துக்கு முன்னால் வந்து, திரும்பி நின்று, ஜனங்களின் முகங்களைப் பார்ப்பான். வாய் பிளந்த முகங்களில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும். அந்த நேரத்தில் அவனுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

முப்பது தாண்டித்தான் கல்யாணம் ஆயிற்று. பெண் குணசுந்தரி அம்பத்தூர் பக்கம். டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யும் ஒரு கம்பெனியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் பற்றவைப்பார்களே, அந்த வரிசையில் சில வருஷம் இருந்தவள். மெலிந்த கை, அதிர்ந்து பேசாத வாய். வந்த புதிதில் கணவனோடு திருவிழாக்களுக்குப் போய் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இவ்ளோ பொறி பறக்குதே, பித்தளை தேஞ்சி போவாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். தேயும், மாற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னான் அவன். அவள் கேட்ட கேள்வி அதோடு முடியவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தார் பழுதான ரேடியோக்களைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் சமையலறை ஓரத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பாள். அதில் ஆதிநாராயணனுக்குப் பெருமைதான். "நம்ம ஊட்ல ரேடியோகூட ரிப்பேர் பண்ணுவாங்க" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வான். அவன் விளக்கு ராஜா, அவள் அவன் வீட்டில் ரேடியோ பார்ப்பவள். அந்த ஏற்பாடு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதைக் கலைத்தவள் ஆரோக்கியமேரி. கம்பெனியில் குணசுந்தரியோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த தோழி. எழுபத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பார்க்க வந்தவள், மல்லிகைப் பூவோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் கொண்டுவந்தாள். பிரித்தால் மாதுளை விதைபோல நாலைந்து சிவப்பு மணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள். எல்.இ.டி. என்றாள் மேரி. புதுசாக வந்திருக்கிறதாம், உள்ளே கம்பி கிடையாதாம், சூடே ஆகாதாம்.

குணசுந்தரி அந்த வாரமே ஒரு பழைய ரேடியோவின் வயிற்றிலிருந்து சாமான்களைப் பிய்த்தெடுத்து, சிகரெட் அட்டையில் குத்தி, என்னவோ செய்தாள். ஒரு சாயங்காலம் ஆதிநாராயணன் வீட்டுக்குள் நுழைந்தபோது தெருப் பெண்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஜன்னல் மேடையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அது எரியவும் இல்லை, அணையவும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஏறியது. நிறைந்தது. பிறகு அதே நிதானத்தில் இறங்கி, இல்லாமல் போனது. மறுபடி ஏறியது. தூங்குகிற குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் போல இருந்தது.

அவன் தன் வழக்கப்படி விளக்கை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவன் மயிலுக்கும் ரயிலுக்கும் ஜனங்கள் கை தட்டியிருக்கிறார்கள், விசில் அடித்திருக்கிறார்கள். இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு யாரும் உட்கார்ந்தது இல்லை. அவன் டிரம்முக்குப் பட்டென்று ஏற்றத் தெரியும், பட்டென்று அணைக்கத் தெரியும். இந்த ஏறுதலும் இறங்குதலும் அதன் ஜாதகத்திலேயே இல்லை.

"மூக்குத்தி நல்லா இருக்குது" என்றான். "மூக்குல போட்டுக்க. தெருவுல மாட்டினா எதிர் ஊட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது."

பெண்கள் சிரித்தார்கள். குணசுந்தரியும் சிரித்தாள். சொன்னது வாஸ்தவம்தானே என்று எடுத்துக்கொண்டாள். பெரிய வெளிச்சமாக அதை எப்படி ஆக்குவது என்ற யோசனை அன்றைக்கே அவளுக்கு வந்துவிட்டது. அவன் குத்தலாகச் சொன்னதே அவளுக்கு வழிகாட்டியதை நினைத்துப் பின்னாளில் அவன் எத்தனையோ தடவை உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆடி மாதத்துக்கு முன்னால் பூவராகவன் வந்தார். பழவேற்காட்டு ஏரிக்குள் மணல்திட்டில் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்குத் தலைவர். வருஷா வருஷம் கங்கையம்மன் திருவிழாவுக்கு டிரம் விளக்கு பேச வருகிறவர்தான். அங்கே கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பேசிக்கொண்டிருந்தவரின் கண் ஜன்னல் மேடைக்குப் போனது. பேச்சு நின்றது. சற்று நேரம் அந்தப் புள்ளி ஏறி இறங்குவதைப் பார்த்திருந்துவிட்டு, உள்ளே எட்டிக் குணசுந்தரியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆத்தாளுக்கு இந்த மாதிரி கண்ணு வெக்க முடியுமா? மெதுவா தொறந்து மெதுவா மூடணும். ஏரி அக்கரையில நிக்கறவனுக்கும் தெரியணும்."

செய்து பார்க்கிறேன் என்றாள் அவள். பூவராகவன் தன்னைக் கேட்காமல் அவளைக் கேட்டதையும், அவள் தன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னதையும் ஆதிநாராயணன் மனதில் எழுதி வைத்துக்கொண்டான்.

முதலில் அவள் எல்.இ.டி. இருந்த இடத்தில் டார்ச் பல்பைச் செருகினாள். பல்பு எரியவே இல்லை. பிறகு ஒரு டிரான்சிஸ்டரை நடுவில் வைத்தாள். பல்பு லேசாகச் சிவந்தது, டிரான்சிஸ்டர் கருகியது. இன்னொன்று வைத்தாள், அதுவும் கருகியது. கூடத்தில் அந்த நாற்றம் வரும்போதெல்லாம் ஆதிநாராயணனுக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூட இறங்கும். முகத்தில் மட்டும் அனுதாபத்தைக் காட்டிக்கொண்டு, போனால் போகிறது விடு என்பான்.

விட்டுவிட்டாளா என்றால் இல்லை. அப்போதுதான் அவனுக்கும் ஒரு வெறி வந்தது. ஏறி இறங்கும் விளக்கைத் தான் செய்து காட்டிவிட்டால் என்ன? நாடகக் கொட்டகையில் உப்புத் தண்ணீர்ப் பானையை வைத்து விளக்கை மங்க வைப்பார்கள் என்று எப்போதோ கேட்டிருந்தான். பின்கட்டில் ஒரு பானையில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கரண்ட் வருகிற கம்பியில் ஒரு தகட்டையும் பல்புக்குப் போகிற கம்பியில் ஒரு தகட்டையும் கட்டினான். ஒரு தகட்டைத் தண்ணீருக்குள் கிடத்தி, மற்றதைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினான். நிஜமாகவே பல்பு மெல்ல மெல்ல ஏறியது. அந்த ஒரு கணம் அவன் மண்ணில் இல்லை. பிறகு தண்ணீர் சூடாகிப் பொங்கியது. பானையைப் பிடிக்கப் போனவனைக் கரண்ட் தூக்கி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் எறிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த குணசுந்தரி சுவிட்சை அணைத்து, அவன் நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். பானையைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். "நல்லா தான் யோசிச்சிருக்கீங்க" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். அவனுக்கு அது பரீட்சைத் தாளில் வாத்தியார் பரிதாபப்பட்டுப் போட்ட மார்க்குபோலப் பட்டது.

மெட்ராஸுக்குப் போய்ப் பெரிய டிரான்சிஸ்டர் வாங்க வேண்டும் என்றாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் அவனும் கூடவே ரயிலேறினான். ரிச்சி தெருவில் தணிகாசலம் என்பவரின் கடை. ஆள் நடக்க இடமில்லாமல் ரேடியோ எலும்புகள் குவிந்து கிடந்தன. குணசுந்தரி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லச் சொல்லத் தணிகாசலம் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். அவளுக்கு முக்காலி போட்டார். டீ வரவழைத்தார். காகிதத்தில் கோடு கோடாக இழுத்து இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆதிநாராயணன் பக்கம் திரும்பி, வெயிலில் நிற்காமல் இப்படி நிழலில் வந்து நில்லுங்கள் சார் என்று மட்டும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். விளக்கைப் பற்றித் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாத ஒரு விளக்குச் சாமான் கடையை அன்றைக்குத்தான் அவன் முதல்முதலாகப் பார்த்தான்.

திரும்பும்போது ரயிலில் அவள் மடியில் இருந்த பொட்டலத்தைத் தடவிக்கொண்டே விளக்கிச் சொன்னாள். எல்.இ.டி.க்கு ஒரு சொட்டுக் கரண்ட் போதும், பெரிய பல்புக்குக் குடம் குடமாக வேண்டும். "உங்க அண்ணன் மதகுத் திருகைத் திருப்புறாரு. அதுக்கு ஒரு ஆள் கை போதும். ஆனா பாயுறது ஏரித் தண்ணி. அந்த மாதிரி தாங்க. குட்டி விளக்குக்குப் போற சொட்டுக் கரண்டு திருகைத் திருப்பும். பேட்டரில இருந்து பாயுறது இந்தப் பெரிய டிரான்சிஸ்டர் வழியா பாயும்." ஒரே ஒரு தொல்லை, முழுசாகத் திறந்திருந்தாலும் முழுசாக மூடியிருந்தாலும் அதற்கு அவ்வளவாகச் சூடு இல்லை, பாதி திறந்திருக்கும்போதுதான் கொதிக்கும் என்றாள். அதனால் ஒரு தடித்த அலுமினியத் தகட்டில் அழுத்தமாகத் திருகிவிட வேண்டும். சூட்டைத் தகடு வாங்கிக்கொள்ளும். திருகு இளகினால் தொலைந்தது.

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆனால் எல்லாம் காதில் விழுந்தது.

எளாவூரில் கிடைக்காதது எது இருந்தாலும் லாரிச் சாமான் கிடைக்கும். ஆந்திர எல்லைச் செக்போஸ்டில் காத்து நிற்கும் நெல்லூர் டிரைவர்களிடம் பழைய பார்க்கிங் பல்புகளையும் இரண்டு பேட்டரிகளையும் தேற்றினாள். முகம் வேண்டுமே, அதை ஆதிநாராயணன் செய்தான். அதில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மரச்சட்டம், அதன்மேல் வளைத்த தகரம், மஞ்சள் பூச்சு, அகன்ற நெற்றி, லேசாகச் சிரிக்கும் உதடு. கண்களை வெட்டியெடுத்து அங்கே கண்ணாடித் தாள் ஒட்டினான். பின்னால் அவள் லாரி பல்புகளை அடுக்கினாள். பொழுது சாய்ந்த பிறகு முற்றத்தில் வைத்துச் சோதித்தார்கள். இமை விரிவதுபோல இரண்டு கண்களிலும் வெளிச்சம் ஏறியது. கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் அந்த முகம் அவனை நிமிர்ந்து பார்த்தது, பிறகு மெல்ல மூடிக்கொண்டது. ரோட்டில் போன லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"முகம் சூப்பரா வந்துருக்குது இல்ல?" என்று கேட்டான் ஆதிநாராயணன்.

"கண்ணு, நைனா" என்றான் லாரிக்காரன். "கண்ணு."

குப்பத்துக்குப் புறப்படும் அன்று காலையில் குணசுந்தரி தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். பெட்டி கூடத்தில் இருந்தது. ஆதிநாராயணன் திருப்புளியை எடுத்தான். தகட்டோடு டிரான்சிஸ்டரைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளையும் சில சுற்று இளக்கிவிட்டுப் பெட்டியை மூடினான். கொஞ்ச நேரம் எரியட்டும், பிறகு அணையட்டும், அப்போது தன் டிரம் ஓடும், ஜனங்கள் தன் பக்கம் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டான். அவளைக் கெடுப்பதாக அவன் நினைக்கவில்லை. தன்னிடமிருந்து போனது தன்னிடம் திரும்ப வருகிறது என்றுதான் நினைத்தான்.

படகில் போகும்போது அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அலை தெளிக்கும்போதெல்லாம் முந்தானையால் மூடிக்கொண்டாள். அவன் ஜெனரேட்டர் மேல் சாய்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பம்பையும் உடுக்கையும் தொடங்கின. டிரம் சுழன்றது. வளைவில் சிவப்பும் பச்சையும் ஓடின. சின்னப் பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். பிறகு பூவராகவன் கையைக் காட்ட, ஆதிநாராயணன் டிரம்மை நிறுத்தினான். இருட்டானது. குணசுந்தரி பேட்டரிக் கவ்வியை மாட்டினாள்.

கண் திறந்தது.

மணல்திட்டு முழுக்க அமைதியானது. ஏரி மேல் அந்த வெளிச்சம் நீளமாக விழுந்து, சுருங்கி, மறுபடி நீண்டது. அவன் திரும்பி நின்று ஜனங்களைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க அவன் எதிர்பார்த்துக் காத்திருந்த முகங்கள் அவை. வேறொருத்தியின் விளக்கில் அவை அவனுக்குக் கிடைத்தன. சீக்கிரம் அணைந்து தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

கண்கள் ஏறின, இறங்கின. ஒருமுறை பாதி இறங்கியவை சட்டென்று முழுசாக விரிந்தன. விரிந்தவை அப்படியே நின்றன.

அணையும் என்றுதான் அவன் காத்திருந்தான். சூட்டில் வெந்த டிரான்சிஸ்டர் சில சமயம் மதகு உடைந்ததுபோலத் திறந்தபடியே செத்துப்போகும் என்று அவனுக்குத் தெரியாது. லாரி பல்புகள் முழு வேகத்தில் எரிந்தன. அம்மன் கண்ணை அகல விரித்துக் குப்பத்தைப் பார்த்தாள், மூடவே இல்லை.

முதலில் ஒரு கிழவிக்குச் சாமி வந்தது. பிறகு இன்னும் இரண்டு பெண்களுக்கு. யாரோ கற்பூரத்தைக் கொத்தாகக் கொளுத்தினார்கள். ஆத்தா கண்ணை மூட மாட்டேங்கிறாள் என்று ஒரு குரல் கிளம்பி ஜனத்துக்குள் பரவியது. ஆண்கள் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். பூவராகவன் கண்ணீர் வழிய நின்றார். போன மழைக்காலத்தில் அவருடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதைச் சொல்லி, பாத்துக்க தாயே, எல்லாரையும் பாத்துக்க என்று அழுதார்.

இது பழுது என்று குணசுந்தரி உடனே தெரிந்துகொண்டாள். கவ்வியைக் கழற்ற அவள் கை போனது. அழும் அந்த மனிதரைப் பார்த்ததும் கை பின்வாங்கியது. பூஜை முடிந்து, தீபாராதனை காட்டி, கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகுதான் கழற்றினாள். மறுநாள் விடைபெறும்போது, அது சாமான் கெட்டுப்போனதால் வந்தது என்று பூவராகவனிடம் சொல்லியும் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாமான் கெட வேண்டிய நேரத்தை யார் முடிவு பண்ணினது என்று கேட்டார்.

அந்த நேரத்தை முடிவு செய்தவன் பக்கத்தில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டிருந்தான். தடுக்கப் போட்ட கல்லை அவள் ஏறி நிற்கும் படிக்கல்லாக ஆக்கியது விதியா சாமியா என்று அவனுக்கு விளங்கவில்லை. குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டிய இடத்தில் பொறாமைதான் இரண்டு மடங்காக வந்தது. அது அவனுக்கே பயமாக இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் குணசுந்தரி பெட்டியை வாசல் வெளிச்சத்தில் வைத்துத் திறந்தாள். இரண்டு திருகுகளையும் விரலால் அசைத்துப் பார்த்தாள். அப்புறம் அவனைக் கூப்பிட்டாள்.

"இந்த ரெண்டு திருகும் தானா இளகாது."

"படகு ஆடுச்சே. அதுல ஆயிருக்கும்."

"திருகுக்கு அடியில வாசர் போட்டு முடுக்கினேன். படகு ஆட்டத்துக்கெல்லாம் இளகாது. நீ தான் பண்ணே."

கல்யாணமான நாளிலிருந்து 'இன்னாங்க' என்றும் 'நீங்க' என்றும் மட்டுமே அழைத்தவள். அந்த 'நீ' அவனை அறைந்த மாதிரி விழுந்தது. பொய் சொல்ல வாய் எழவில்லை.

"ஆமா. நான் தான்."

"எதுக்கு?"

"எல்லாரும் உன்னுதையே பாத்துக்கினு இருக்காங்க, சுந்தரி. என்னால தாங்க முடியல."

அவள் கோபப்படுவாள், அழுவாள், அம்பத்தூருக்குப் புறப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் கருகிய டிரான்சிஸ்டரை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் இந்த ஊட்டுக்கு வந்தப்போ எல்லாரும் உன் டிரம்மயே பாத்துக்கினு இருந்தாங்க. நானும் தான் பாத்தேன். என் கையில இன்னா வேலை இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. நீ கூட கேக்கல. எனக்கும் வயிறு எரிஞ்சிது. அதுக்குன்னு நான் உன் டிரம்ம ஒடச்சிப் போட்டனா?"

அவளுக்கும் எரிந்திருக்கிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி. பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறி பறப்பதைப் பார்த்து, பித்தளை தேயாதா என்று கேட்டவள். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அவள் தன் சாமான்களை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டு கதவுக்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டாள். குப்பத்துச் சேதி ஏரி தாண்டி, ரோடு தாண்டிப் பரவியது. விளக்கு பேச வருகிறவர்கள் கண் திறக்கும் அம்மன் வேண்டும் என்று கேட்டார்கள். டிரம்மைப் பற்றிச் சொல்ல ஆதிநாராயணன் வாயெடுத்தால், அது கிடக்கட்டும், அந்தம்மாவைக் கூப்பிடுங்க என்றார்கள். டீக்கடையில் ஒரு நெல்லூர் டிரைவர் அவன் முதுகைத் தட்டி, "இன்னா நைனா, உன் சம்சாரம் ஆத்தா கண்ணையே தொறந்துட்டாங்களாமே" என்றான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவன் எழுந்து நடந்தான். டிரம் நாராயணன் என்ற பேர் போய் குணசுந்தரி வீட்டுக்காரர் என்று ஊர் சொல்ல ஆரம்பித்திருந்தது. சில நாள் டிரம்மைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, யாருமில்லாத வீட்டில் தனக்காகவே ஓடவிட்டுப் பார்ப்பான். நன்றாகத்தான் ஓடியது. அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பேச்சு மறுபடி தொடங்கியது அம்மன் முகத்தால். அவன் செய்த முகம் வேண்டாம் என்று, அடுத்த திருவிழாவுக்கு அவள் ஒரு ஆசாரியை வைத்து வேறு முகம் செய்தாள். வந்தது பொம்மை முகம். அதில் எப்படிப்பட்ட கண்ணை வைத்தாலும் கடைக் கண்ணாடிக்குள் எரியும் விளக்குபோலத்தான் இருந்தது. பல்புகளை மாற்றிப் பார்த்தாள், தாளை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல கண்ணு நிக்கல. நீ பண்ண மூஞ்சில தான் நிக்குது" என்றாள்.

அது சமாதானப் பேச்சு அல்ல. அவளுக்கு ஒன்று தேவைப்பட்டது, அது அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஆதிநாராயணன் அன்றைக்கே உளியை எடுத்தான். வேலை செய்துகொண்டே, அந்தப் பெரிய டிரான்சிஸ்டரைப் பற்றி இன்னொரு தடவை சொல் என்று கேட்டான். இந்தத் தடவை ஜன்னல் வழியாக எங்கும் பார்க்கவில்லை. உள்ளறைப் பூட்டு மட்டும் வெகுகாலம் அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவன் கேட்டதும் இல்லை.

குப்பத்துக்காரர்கள் ஒரு நிபந்தனையோடுதான் மறுபடி வந்தார்கள். கண் ஏறி இறங்கட்டும், ஆனால் தீபாராதனை நேரத்தில் போன வருஷம் மாதிரி முழுசாகத் திறந்து நிற்க வேண்டும். பழுதை வேண்டுமென்றே செய்து கொடுக்கச் சொல்கிறார்களே என்று குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. யோசித்து, டிரான்சிஸ்டருக்குள் போகாமல் பேட்டரியிலிருந்து கரண்ட் நேராகப் பல்புக்குப் போகிற மாதிரி ஒரு சுவிட்சை வைத்தாள். அன்று சாயங்காலம் மணல்திட்டில், அவள் பேட்டரிகளோடு முகத்துக்குப் பின்னால் குந்தியிருக்க, சுவிட்சுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். பம்பை உச்சத்துக்குப் போனதும் போடு என்று அவள் தலையசைத்தாள். அவன் போட்டான். கண்கள் அகல விரிந்து நின்றன. ஜனங்கள் மணலில் விழுந்தார்கள்.

பிரசாதம் கொடுக்கும்போது திருவள்ளூர் பக்கத்திலிருந்து விழா பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் அவனிடம் வந்தார். தங்கள் ஊர்க் கோவிலுக்கு இப்படி ஒன்று வேண்டும், இது யார் செய்த வேலை என்று கேட்டார். குணசுந்தரி சற்றுத் தள்ளிக் பேட்டரிக் கவ்விகளில் பூத்திருந்த வெள்ளை உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி நான் பண்ணதுங்க" என்றான் ஆதிநாராயணன். அதோடு நிறுத்திவிடலாம் போல இருந்தது. குணசுந்தரி பக்கம் கையைக் காட்டினான். "கண்ணு எங்க ஊட்டுக்காரம்மா பண்ணது. அவங்கள கேளுங்க, அதோ இருக்காங்க."

பெரியவர் அந்தப் பக்கம் நடந்தார். குணசுந்தரி நிமிர்ந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவருக்கு உட்கார இடம் காட்டினாள். ஆதிநாராயணன் அவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சில் சுருக்கென்றது. பின்னாளில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரிடம் அதே பதிலை அவன் சொன்னான், ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது. அன்றைக்கு அவன் அதைப் பொறுத்துக்கொண்டு, முகத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் படகில் ஏற்றப் போனான்.